வயரிங் பழகப் போகும் மகன்

சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகி ஒரு வாரம் இருக்கும். என் மாணவன் ஒருவனின் உம்மா கவலையோடு வந்தார்.

“ஹஸ்ரத், மகன் வயரிங் வேலைக்குப் போகப் போறேன் எண்டு நிக்கிறான். ஊர் என்ன சொல்லும்? கரண்ட் அடிச்சா என்ன செய்ற?”

ஊரைப் பற்றிய கேள்விக்குப் பதில் இலகுவானது. பரீட்சையில் தவறியவர்களின் புகலிடமல்ல இத்தொழில். கணக்கும், வரைபடம் வாசிக்கும் திறனும், பொறுமையும் இதற்கு வேண்டும். கொங்கிறீட் போடுவதற்கு முன்பே கம்பிகளின் மேல் குழாய்களைப் பதித்துக் கட்டிவிட வேண்டும். ஒரு குழாய் நசுங்கினாலும் பின்னர் தட்டை உடைக்கத்தான் நேரிடும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். உயிரைப் பறிக்க அது போதும். அரைகுறையாகப் பழகியவர் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் பொருத்திவிடுவார். சுவிட்சை அணைத்தால் பல்ப் அணையும். ஹோல்டரிலோ மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல்ப் மாற்றப் போகும் தாய்க்கு அது தெரியாது. முறையாகப் பழகியவரோ பேஸ் கம்பியிலேயே சுவிட்சை வைப்பார். மின்சாரத்தை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்த பின்பே கை வைப்பார். ஆகவே, அம்மகனைக் காப்பதும் அவன் வயரிங் செய்யும் வீட்டாரைக் காப்பதும் முறையான பயிற்சியே.

அதற்கு வழியுண்டு. நம் நாட்டில் 1971 ஆம் ஆண்டிலேயே தொழிற் பயிலுநர்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1990 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இன்று இப்பணியைச் செய்கிறது. பயிலுநர் வேலைத்தளத்திலேயே பழகி, மதிப்பீட்டில் தேறினால் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். பல வருடங்கள் ஒரு பாஸிடம் வேலை செய்தும் கையில் கடதாசி இல்லாதவர்களும், தங்கள் திறமையைக் காட்டி அதைப் பெற வழியிருக்கிறது.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் மூன்று விடயங்களைக் கேட்டறிய வேண்டும். எழுத்து மூல ஒப்பந்தம் உண்டா? அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் அருகில் இருப்பாரா? பாதுகாப்புச் சப்பாத்தும் தலைக்கவசமும் தருவார்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சில் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் தகுதியானவரை அழையுங்கள். 30 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் வகைதான் வீட்டுக்கு ஏற்றது.

அந்த உம்மா எழுந்து செல்லும்போது கேட்டார்: “அப்ப அந்த ஒப்பந்தத்தில நான் கையெழுத்து வைக்கலாமா, ஹஸ்ரத்?”

“முதலில் வாசியுங்கள். பிறகு மகனிடம் உங்கள் வீட்டு ஹோல்டரைக் காட்டி, சுவிட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறதென்று அவன் பழகி வந்ததும் கேளுங்கள்” என்றேன்.