சலவைக்கும் சக்கரம் முளைத்தது

1960 செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், சார்லி என்ற நாயைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு தன் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். ஒரு பிக்கப் டிரக். அதன் முதுகில் படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் அடங்கிய சின்ன அறை. டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டேயை வண்டிக்குச் சூட்டியிருந்தார். அழுக்குத் துணிக்கு அவர் செய்த ஏற்பாடுதான் வேடிக்கை. மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பை வாளி ஒன்றை வாங்கி, அலமாரிக் கம்பியில் ரப்பர் கயிற்றால் தொங்கவிட்டார். உள்ளே துணி, தண்ணீர், சோப்புத் தூள். வண்டி ஓட ஓட வாளி குலுங்கியது. சாலையின் மேடுபள்ளமே துணியைத் துவைத்தது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டால் வேலை முடிந்தது. 1962இல் வெளியான ‘டிராவல்ஸ் வித் சார்லி’ நூலில் இந்தக் கண்டுபிடிப்பைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறார்.

இன்று அதே நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரிய மோட்டார்ஹோம் ஒன்றுக்குள் ஏறிப் பாருங்கள். படுக்கையறைக் கோடியில், உடை மாட்டும் அலமாரியை ஒட்டி, வட்டக் கண்ணாடிக் கதவோடு ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கும். துவைத்து, பிழிந்து, உலர்த்தியும் தந்துவிடும். ஆனால் வாங்குவதற்கு முன் எத்தனை கேலன் தண்ணீர், எத்தனை ஆம்ப்பியர் மின்சாரம், எத்தனை பவுண்டு எடை என்று கணக்குப் போட வேண்டும். வாங்கியபின், குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவைப்பவராக இருந்தால், ஆண்டுதோறும் உறைபனிக்கு முன் அதன் வயிற்றில் தங்கிய தண்ணீரை அப்புறப்படுத்த வேண்டும். வசதி வண்டிக்குள் குடியேறியபோது, அதுவரை ஊரில் யாரோ பார்த்துக்கொண்டிருந்த வேலையும் கூடவே ஏறிக்கொண்டது.

அன்று: குழாயில்லாத வண்டி

ஆர்.வி. எனப்படும் வீட்டுவண்டியின் கதை ஃபோர்டு மாடல் டி கார்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில் முகாமிட்ட கார்ப் பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு தகரடப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களின் அடையாளம். வடக்கே பனி கொட்டத் தொடங்கினால் வெயில் தேடித் தெற்கே வந்துவிடுவார்கள். அந்த வண்டிகளில் குழாய் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் வாளியில் வரும், மண்ணில் போய்ச் சேரும். துவைப்பது தகரத் தொட்டியில். உலர்த்துவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில். உறைபனியே வந்தாலும் சலவைச் சாமானில் உறைவதற்கு ஒன்றும் இல்லை. தொட்டியைக் கவிழ்த்துவைத்தால் போதும்.

1934இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் வாஷிங் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ‘வாஷட்டீரியா’ திறந்தது. அமெரிக்காவின் முதல் லாண்ட்ரோமேட் என்று அதைத்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, காசு போட்டால் ஓடும் மெஷின்கள் ஊருக்கு ஊர் பரவின. 1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் பயணிகளைக் கண்ட டேவ் டிரம் என்ற தொழிலதிபர், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் ஒரு முகாமைத் தொடங்கினார். அதுவே கே.ஓ.ஏ. என்ற பெயரில் நாடெங்கும் கிளைவிட்டது. வெந்நீர்க் குளியல், மளிகைக் கடை ஆகியவற்றோடு சலவை அறையும் அத்தகைய முகாம்களில் எதிர்பார்க்கப்படும் வசதியாயிற்று.

இப்படி ‘லாண்ட்ரி நாள்’ என்பது பயண வாரத்தின் ஓர் அங்கமானது. கால் டாலர் நாணயங்களைச் சேர்த்துவைக்க வண்டியில் தனியாக ஒரு டப்பா இருக்கும். ஒரு வார அழுக்கை நான்கு மெஷினில் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், எதிர் பெஞ்சில் இருப்பவரிடம் பேச்சு தொடங்கிவிடும். எந்தக் கணவாயில் சாலை வேலை நடக்கிறது, எந்த முகாமில் தண்ணீர் நாறுகிறது, எந்த மெக்கானிக் நியாயமாகக் காசு வாங்குவார் என்பதெல்லாம் துணி சுழலும் நேரத்தில் கைமாறின. மெஷின் பழுதானால் அது கடைக்காரர் பாடு. சனவரிக் குளிரில் குழாய் வெடித்தால் அதுவும் அவர் பாடுதான்.

இடையில் என்ன நடந்தது?

வண்டிக்குள் முதலில் வந்தது தண்ணீர். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த இன்டர்நேஷனல் மாதிரி டிரெய்லரில் விளக்கு, கழிப்பறை, வெந்நீர் எல்லாம் உள்ளேயே அமைந்தன. 1966இல் அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னிபேகோ நிறுவனம் மோட்டார்ஹோம்களைத் தொழிற்சாலை வரிசையில் செய்யத் தொடங்க, நடுத்தரக் குடும்பங்களுக்கும் வீட்டுவண்டி எட்டியது. குழாயும் தொட்டியும் வந்த அன்றே குளிர்காலப் பயமும் வந்துவிட்டது. ஆனாலும் சலவை மட்டும் நெடுங்காலம் வெளியிலேயே நின்றது.

காரணம் எளிது. அமெரிக்க வீடுகளின் பழைய மேல்மூடி மெஷின் ஒரு தடவை துவைக்க ஏறக்குறைய 40 கேலன், அதாவது 150 லிட்டர் தண்ணீர் குடிக்கும். பல வண்டிகளில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சேரும் கழிவுத்தொட்டியின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான். ஒரு சலவையோடு தொட்டி நிரம்பிவிடும். வீட்டு மின் உலர்த்திக்கு 240 வோல்ட் வேண்டும்; வண்டியிலோ 120 வோல்ட்தான் புழக்கம். ஆட்டமும் ஒரு தொல்லை. 1937இல் பென்டிக்ஸ் அறிமுகப்படுத்திய முன்கதவுத் தானியங்கி மெஷினை வீட்டிலேயே தரையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டியிருந்தது. ஓடும் வண்டியின் மரத்தளத்தில் அந்த ஆட்டத்தை யார் தாங்குவது?

விடை ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே அடுக்ககச் சமையலறை மேடைக்கு அடியில் நுழையும்படி 60 சென்டிமீட்டர் அகலத்தில் முன்கதவு மெஷின் செய்வது வழக்கம். ஒரே தொட்டியில் துவைத்து அதிலேயே உலர்த்தும் வகையும் அங்கே உண்டு. அகலம் 24 அங்குலத்துக்குள் அடக்கம், தண்ணீர் பழைய மெஷின் குடித்ததில் பாதிகூட ஆகாது. ஓரிகன் மாநிலத்தின் கிளாக்கமஸில் உள்ள வெஸ்ட்லேண்ட் சேல்ஸ் நிறுவனம், இத்தாலியில் செய்த இத்தகைய மெஷின்களை ‘ஸ்ப்ளெண்டைட்’ என்ற பெயரில் விற்று ஆர்.வி. உலகில் பேர் வாங்கியது. 1990இல் நியூமார் நிறுவனம் வண்டியின் பக்கச்சுவரே வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் அறையைக் கொண்டுவந்தது. நிறுத்திய இடத்தில் அறை அகலமாயிற்று. மெஷினுக்கு ஒரு மூலை கிடைத்தது.

இன்று: எதை வாங்குவது?

இன்று வாங்குபவர் முன் முதலில் நிற்கும் கேள்வி, ஒன்றா இரண்டா என்பது. ‘காம்போ’ எனப்படும் ஒற்றை மெஷின் இடத்தையும் எடையையும் மிச்சப்படுத்தும். எடை சுமார் 150 பவுண்டு, 68 கிலோ. ஆனால் துவைத்து உலர்த்தி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். துவைக்கும் அளவுக்கு அதனால் உலர்த்த முடியாது. தொட்டியைத் திணித்தால் துணி கசங்கி, ஈரம் போகாமல் வெளியே வரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் தம்பதிக்கு இது பொருந்தும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் ‘ஸ்டேக்கபிள்’ ஜோடி உதவும். முதல் ஈடு உலரும்போதே இரண்டாவது ஈடு துவைபட்டுக்கொண்டிருக்கும். அதற்கு ஓர் அலமாரி முழுவதையும் தாரைவார்க்க வேண்டும்.

காம்போவில் அடுத்த பிரிவு, காற்றுப்போக்கி உள்ளதா இல்லாததா என்பது. ‘வென்டட்’ வகை ஈரக்காற்றை வண்டிச் சுவரில் போட்ட துளை வழியே வெளியே தள்ளும், வேகமாக உலரும். ‘வென்ட்லெஸ்’ வகைக்குச் சுவரில் துளை வேண்டாம். ஈரக்காற்றை உள்ளேயே குளிர்வித்து, நீராக்கி, கழிவுக் குழாயில் விட்டுவிடும். ஆனால் மெதுவானது. தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கும் மாதிரியாக இருந்தால் உலர்த்தும்போதும் கொஞ்சம் தண்ணீர் செலவாகும். சுவரில் ஏற்கெனவே துளை விட்டிருந்தால் பெரும்பாலோர் வென்டட் பக்கம்தான் சாய்கிறார்கள்.

பிறகு மின்சாரம். 30 ஆம்ப்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட். ஏசி ஒன்றே ஏறத்தாழ 1,500 வாட் எடுத்துக்கொள்ளும். அதோடு உலர்த்தியும் ஓடும்போது யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். 50 ஆம்ப்பியர் இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருவதால் 12,000 வாட் கிடைக்கும். அங்கே இந்தப் பஞ்சாயத்து இல்லை. வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தாமல் பிழியவிட்டால் மெஷின் அதிரும், வண்டியே ஆடும். ஸ்டைன்பெக்குக்கு ஓடும் வண்டியின் குலுக்கல் வேலைக்காரனாக இருந்தது. இன்றைய மெஷின் நின்ற வண்டியில், சமதரையில்தான் ஒழுங்காகச் சுழலும்.

உறைபனிக்கு முன்

மினசோட்டா, மிச்சிகன், ஒன்டாரியோ பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் என்றால் ‘விண்டரைஸ்’ செய்யும் மாதம். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. மெஷினுக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இடங்களும் பல: சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்குமான இரண்டு உள்வால்வுகள், அடியில் உள்ள வடிகால் பம்ப், அதன் வடிகட்டி, கழிவுக் குழாயின் வளைவு. பிளாஸ்டிக் வால்வில் பனிக்காலத்தில் விழுந்த விரிசல் அப்போது தெரியாது. ஏப்ரலில் தண்ணீரைத் திறந்ததும் அலமாரித் தரை நனையும்போதுதான் தெரியும்.

முறை இதுதான். முதலில் வண்டியின் தொட்டிகளையும் குழாய்களையும் வடித்துவிட்டு, வெந்நீர்க் கொதிகலனைத் தனியே ஒதுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உறையாத் திரவத்தை அதுவே கேலன் கேலனாக விழுங்கிவிடும். பிறகு வண்டியின் நீர்ப்பம்பை இளஞ்சிவப்பு நிற உறையாத் திரவக் குடுவையோடு இணைத்து, மெஷினைக் காலியாக ஓட்ட வேண்டும். வெந்நீர் அமைப்பில் வைத்துத் தொட்டிக்குள் இளஞ்சிவப்பு வரும்வரை, அடுத்து குளிர்ந்த நீர் அமைப்பில் மறுபடியும் அதேபோல. இரண்டு வால்வுக்கும் திரவம் போய்ச் சேர்வதற்காகவே இந்த இரட்டை வேலை. கடைசியில் பிழியும் சுற்றை ஓட்டினால் திரவம் பம்ப் வழியாகக் கழிவுக் குழாய்க்குள் இறங்கும். நீரால் குளிர்விக்கும் வென்ட்லெஸ் மெஷினில் உலர்த்தும் பாதைக்கும் நீர் போவதால், கையேட்டில் சொன்னபடி அந்தச் சுற்றையும் சற்று ஓட்ட வேண்டும். கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தால் பூஞ்சை பிடிக்காது.

திரவத்தின் வகை முக்கியம். ஆர்.வி.க்கு என விற்கும் இளஞ்சிவப்புத் திரவம் பொதுவாகப் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ந்தது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் வழக்கமான கூலன்ட் எத்திலீன் கிளைக்கால், அது விஷம். குடிநீர் ஓடும் குழாயில் அதை விடவே கூடாது. திரவத்துக்குப் பதில் காற்றழுத்தத்தால் குழாயை ஊதிவிடுபவர்களும் உண்டு. ஆனால் காற்று குழாயைத்தான் காலி செய்யும். பம்பின் அடியில் தேங்கியது அப்படியே நிற்கும். அதனால் ஊதியபிறகும் தொட்டியில் கொஞ்சம் திரவம் ஊற்றி வடிக்கவிடுவது நல்லது.

பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. நிறைய வண்டிகளில் மெஷின் இருக்காது. பின்னால் வாங்கிக்கொள்ளட்டும் என்று அலமாரிக்குள் குழாயும் இணைப்பும் மட்டும் விட்டிருப்பார்கள். மெஷினே இல்லையே என்று அந்த மூடிய குழாய்களை வடிக்காமல் விட்டால், துணி துவைக்காத வண்டியிலும் சலவைக் குழாய் வெடிக்கும்.

யாருக்கு, எங்கே?

மெஷின் வந்ததால் லாண்ட்ரோமேட் செத்துப்போகவில்லை. அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் ஊரை ஒட்டிய பாலைவனத்தில், 1983 முதல் அரசு நில நிர்வாகத் துறை நெடுநாள் தங்கலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவம். வடக்கத்திப் பனிக்குத் தப்பிவந்த வண்டிகள் அங்கே ஆயிரக்கணக்கில் நிற்கும். பெரும்பாலான வண்டிகளுக்குத் தண்ணீர், மின், கழிவு இணைப்பு எதுவும் கிடையாது. தொட்டியில் உள்ளதை வைத்தே நாட்களைத் தள்ள வேண்டும். அங்கே வண்டிக்குள் இருக்கும் மெஷின் விலையுயர்ந்த அலமாரித் தட்டுதான்; துணிமூட்டை ஊருக்குள் லாண்ட்ரோமேட்டுக்குத்தான் போகும். அதே மெஷின், எல்லா இணைப்பும் உள்ள டெக்சாஸ் முகாமில் மூன்று மாதம் தங்குபவருக்குத் தினமும் கைகொடுக்கும்.

ஆகவே, வாங்க நினைப்பவர் கடைக்குப் போகுமுன் தன் பயணத்தைத்தான் பார்க்க வேண்டும். முழு இணைப்புள்ள முகாமில் வாரக்கணக்கில் தங்கி, பனிக்காலத்தில் தெற்கே இறங்கிவிடுபவருக்கு மெஷின் தன் விலையை நேரமாகத் திருப்பித் தரும். இரண்டு நாளுக்கு ஓரிடம் என்று ஓடி, நவம்பரில் வண்டியை வடக்கே கொட்டகையில் நிறுத்துபவர், மெஷினின் விலையோடு ஆண்டுதோறும் ஒரு பிற்பகல் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். அந்தப் பிற்பகலைத் தர மனமில்லாதவர் துணிமூட்டையோடு ஊருக்குள் போகலாம். அங்கே இப்போது நாணயத்துக்குப் பதில் அட்டையும் கைப்பேசிச் செயலியும் பல கடைகளில் வந்துவிட்டன. சாலைச் சேதிக்கு மட்டும் இன்னும் யாரும் காசு கேட்பதில்லை.