கடனும் ஆட்சியும்: அங்கேரி காட்டும் பாடம்

பொருளாதார நெருக்கடி ஒரு நாட்டின் அரசியலை எவ்வாறு அசைக்கும் என்பதற்கு அங்கேரி தக்கதோர் உதாரணமாகும். 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்த அந்நாட்டில் உள்நாட்டு நாணயக் கடனுக்கு வட்டி மிகுதி. ஆதலின் மக்கள் பலர் வட்டி குறைந்த சுவிற்சர்லாந்துப் பிராங்கிலே வீட்டுக்கடன் பெற்றனர். அவர்தம் வருமானமோ போரின்ட் என்னும் சொந்த நாணயத்திலேயே கிடைத்தது. எனவே நாணயமாற்று வீதம் மாறினால் வரும் நட்டம் கடனாளியையே சார்ந்தது. 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 145 போரின்டாயிருந்த பிராங்கின் விலை, 2011 ஓகஸ்டில் 250ஐயும் கடந்தது. தவணை தவறாதவனுக்கும் கடன் வளர்ந்தது.

இதனிடையே, 2008இல் உலக நெருக்கடி மூண்டபோது சர்வதேச நாணய நிதியம் முதலியன 2,000 கோடி யூரோ வரை கடனுதவி வழங்க உடன்பட்டன. அரசு செலவைச் சுருக்க நேர்ந்தது. பொருளாதார நிலை குறித்துப் பொய்யுரைத்ததாகத் தாமே ஒப்புக்கொண்ட உரை 2006இல் வெளிப்பட்டதனால் மதிப்பிழந்திருந்த பிரதமர் யூர்ச்சானி, 2009இற் பதவி துறந்தார். 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்றிலிரண்டு ஆசனங்களை வென்ற ஒர்பானின் கட்சி, மறுவருடமே புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது.

வீட்டுக்கடன்கள் போரின்டுக்கு மாற்றப்பட்டது 2014ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயாம். கடன் பத்திரத்திலே தனியொருவர் தலையிற் சுமத்திய ஆபத்து, ஈற்றில் நாடு முழுவதையுமே சாரும் என்பது இதனாற் பெறப்படும்.