குரங்குக் கன்னத்தில் மழைநீர்

கோயில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உடனே விழுங்காது. கிடைத்ததையெல்லாம் கன்னத்துக்குள் திணித்துக்கொண்டு ஓடிவிடும். பிறகு ஆற அமர உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மெல்லும். தாய்லாந்து மன்னராக இருந்த பூமிபோல் சிறுவயதில் இதைக் கவனித்திருக்கிறார். 1990களில் பாங்காக் நகரத்து வெள்ளத்துக்கு வழி தேடியபோது அவருக்குக் குரங்கு நினைவு வந்தது. மழைநீரை அவசரமாகக் கடலுக்கு விரட்ட வேண்டாம், குளங்களில் அடக்கிவைத்து மெல்ல மெல்லத் திறந்துவிடலாம் என்றார். அந்தத் திட்டத்தின் பெயரே ‘குரங்குக் கன்னம்’தான்!

பாங்காக், சாவ் பிரயா ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல் அமர்ந்த நகரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர்தான் உயரம். ஒரு காலத்தில் ஊர் முழுக்கக் கால்வாய்கள் ஓடின. பின்னாளில் அவற்றில் பலவற்றைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். தாரும் சிமெண்டும் தண்ணீரை உறிஞ்சுமா என்ன? 2011-இல் வந்த பெருவெள்ளத்தில் தாய்லாந்து முழுவதும் 800 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அந்த நகரத்தின் நடுவே சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்துக்கு நிறைய நிலம் உண்டு. கடை கட்டி வாடகைக்கு விட்டால் பணம் கொட்டும் இடம். ஆனால், தன் நூற்றாண்டான 2017-இல் பல்கலைக்கழகம் அங்கே 11 ஏக்கரில் ஒரு பூங்காவைத் திறந்தது. அதை வடிவமைத்தவர் கோச்சகோர்ன் வோராகோம் என்ற பெண். அவர் ஒரு நிலவடிவமைப்பாளர். எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தச் செடி எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று வரைபடம் போடுவது அவர் வேலை.

அவர் செய்த தந்திரம் எளிது. பூங்காவையே 3 பாகை சாய்த்துவிட்டார்! 100 மீட்டர் நடந்தால் சுமார் 5 மீட்டர் ஏறியிருப்போம், அவ்வளவுதான். ஆனால் தண்ணீருக்கு அது போதும். மேலிருந்து கீழே கொண்டுவர மோட்டார் வேண்டாம், புவியீர்ப்பு விசையே இழுத்துவரும்.

ஒரு மழைத்துளியின் பின்னால் போவோம். உயரமான முனையில் ஒரு கட்டடம். அதன் கூரை ஓடோ தளமோ அல்ல, சரிவான புல்வெளி. அங்கே விழும் மழையில் ஒரு பகுதியை மண் குடித்துக்கொள்ளும். இன்னொரு பகுதி அடியில் உள்ள தொட்டிகளில் சேர்ந்து, கோடையில் செடிகளுக்குப் பாயும். மீதித் தண்ணீர் பூங்காவின் இரு ஓரங்களிலும் உள்ள சதுப்புக் குளங்கள் வழியாக இறங்கும். அங்கே அடர்ந்த நீர்ச்செடிகள் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் கலங்கல் அடியில் படியும். செடிகளின் வேர்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த அழுக்கைத் தின்னும். கடைசியில், தாழ்ந்த முனையில் பெரிய குளம். மழை மிஞ்சினால் குளம் நடுவிலுள்ள புல்வெளிக்குள்ளும் விரியலாம். அதற்கென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே இருக்கும் சைக்கிள்கள். அவை எங்கும் போகாது, நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும். மிதித்தால் குளத்து நீர் கலங்கிக் காற்று உள்ளே கலக்கும். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் குளம் நாறத் தொடங்கிவிடும். பூங்காவுக்கு வருகிறவர்கள் உடற்பயிற்சியும் செய்து, குளத்துக்கு மூச்சும் கொடுக்கிறார்கள்!

இந்தப் பூங்கா சுமார் 38 லட்சம் லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் என்றால் 300-க்கு மேல் வேண்டும். ஒரு பூங்காவால் பாங்காக்கின் வெள்ளம் நின்றுவிடாது. ஊர் முழுக்க இப்படிப் பல கன்னங்கள் வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளியின் மொட்டை மாடி 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் மழையில் அதன்மேல் விழுவது 10,000 லிட்டர். அடுத்த மழைக்கு உங்கள் பள்ளி மாடியை அளந்து, செய்தித்தாளில் வரும் மழையளவைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். அவ்வளவு தண்ணீரும் எந்தப் பக்கம் ஓடியது என்பதையும் சேர்த்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.