தொப்பையும் தப்பும்

“சாதி பிறப்பால வருது, நிறம் பிறப்பால வருது. அதை வச்சு ஒருத்தரை மட்டம் தட்டினா தப்புதான். தொப்பை அப்படியா? அது அவங்கவங்களா வளர்த்துக்கிட்டதுதானே?” கல்யாணப் பந்தியிலோ அலுவலக டீ நேரத்திலோ இந்த வாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நல்ல மனிதர்கள்தான் சொல்வார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டக் கூசுகிற வாய்க்கு ‘ஏ குண்டு’ என்று கூப்பிடக் கூச்சம் வருவதில்லை. அதைச் செல்லம் என்றுகூட நினைத்துக்கொள்கிறது.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உள்ளே இரண்டு நம்பிக்கைகள் சிக்குப்பிடித்துக் கிடக்கின்றன. உடல் எடை முழுக்க நம் கையில் இருக்கிறது என்பது ஒன்று. நம் கையில் இருக்கிற விஷயத்துக்காக ஒருவரை இழிவுபடுத்தினால் அது பாகுபாட்டில் சேராது என்பது இன்னொன்று. எல்லோரும் முதலாவதோடுதான் மல்லுக்கட்டுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய வில்லங்கமாகத் தெரிகிறது. இருந்தாலும் வரிசையாகவே போவோம்.

முதலாவதைச் சோதிக்க டென்மார்க்குக்குப் போகலாம். அங்கே யார் யாரைத் தத்தெடுத்தார்கள், பெற்றவர்கள் யார் என்பதற்கெல்லாம் ஒழுங்கான பதிவேடு உண்டு. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய டேனிஷ் சகாக்களும் அதிலிருந்து 540 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் தத்துப்போய் வளர்ந்து ஆளானவர்கள். அவர்களுடைய உடல்வாகு ஊட்டி வளர்த்தவர்களைப் போல இருக்கிறதா, பெற்றவர்களைப் போல இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1986-இல் விடை வந்தது. பெற்றவர்களோடு தெளிவான ஒற்றுமை இருந்தது. வளர்த்தவர்களோடு எதுவுமே இல்லை. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தும், வளர்த்த வீட்டின் உடல்வாகு பிள்ளைக்கு ஒட்டவில்லை.

1990-இல் கனடாவின் கிளாட் பூஷார் இன்னொரு வழியில் முயன்றார். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்கள், 12 ஜோடி இளைஞர்கள். அவர்களைக் கண்காணிப்பில் தங்கவைத்து, தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாகச் சாப்பிடவைத்தார். வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் 84 நாள். (இந்த ஆராய்ச்சிக்கு நம்மூரில் ஆள் சேர்ப்பதில் கஷ்டமே இருந்திருக்காது.) எல்லோருக்கும் கூடுதல் தீனி ஒரே அளவு. ஆனால் ஒருவருக்கு ஏறியது 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. வேடிக்கை என்னவென்றால், ஒரு ஜோடிக்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏறிய எடை ஏறக்குறைய ஒத்துப்போனது. ஜோடிக்கு ஜோடிதான் பெரிய வித்தியாசம். அதே தீனியை ஓர் உடம்பு எரித்துத் தள்ளுகிறது, இன்னோர் உடம்பு பத்திரமாகச் சேர்த்துவைக்கிறது. இதில் யாருக்கு மன உறுதி அதிகம் என்று நாம் எப்படிச் சொல்வது?

உடம்பு இதை எப்படிச் செய்கிறது என்று புரிய, உங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மிதவைப் பந்து இருக்கும். தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கும், குழாய் திறக்கும். நிறைந்தால் பந்து ஏறி அடைத்துவிடும். நம் கொழுப்புக்கும் அப்படி ஒரு மிதவை உண்டு. லெப்டின் என்று பெயர். கொழுப்பு அணுக்களே சுரக்கும் இந்த ஹார்மோன், ‘இருப்பு போதும்’ என்று மூளைக்குச் சேதி சொல்கிறது. சேதி குறைந்தால் மூளை பசியைத் திறந்துவிடும். 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு இதைக் கண்டுபிடித்தது.

மூன்றே வருடத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் மிதவையே இல்லாமல் பிறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரப் பையன் இரண்டு வயதில் 29 கிலோ. ஒரு மரபணுப் பிழையால் அவர்களுடைய உடம்பில் லெப்டின் உருவாகவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தாலும் குழாய் மூடாது. பிறகு அந்தச் சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது, ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. அதுவரை அவளைப் பார்த்தவர்கள் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள், அவளுடைய அம்மாவை என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பிழை மிக மிக அரிது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மிதவை வேலை செய்கிறது; ஆனால் அது நிற்கும் மட்டம் ஆளுக்கு ஆள் வேறு. அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் உடம்பு சும்மா இருக்காது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்று நடந்தது, பெயர் ‘தி பிக்கஸ்ட் லூசர்’. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர். இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பியிருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது அவர்களுடைய உடம்பு எரிக்கும் அளவு மட்டும், அந்த உருவத்துக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்தே இருந்தது. அது ஏறத்தாழ ஒரு வேளைச் சாப்பாடு. ஆறு வருடமாகியும் உடம்பு பழைய கணக்கை மறக்கவில்லை.

‘அப்படியானால் வாயைக் கட்டுவதும் நடப்பதும் வீணா?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். வீணில்லை. எடை அதிகம் குறையாவிட்டாலும் நடை இதயத்துக்கு நல்லது. சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் எடையோடு தொடர்பு உண்டு என்பதும் உண்மைதான். அதை மறைத்துப் பேசுவது யாருக்கும் உதவாது. நம் பங்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதன் அளவு நாம் நினைத்ததைவிடக் குறைவு, அவ்வளவுதான். மீதியில் மரபணு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, சில மருந்துகள் இருக்கின்றன, வேலை நேரம் இருக்கிறது, தெருமுனைக் கடையில் எது மலிவாகக் கிடைக்கிறது என்பதும் இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015–16-இல் 30.9 சதவீதம். 2019–21-இல் 40.4 சதவீதம். அந்தச் சில வருடங்களில் நம் பெண்களின் மன உறுதி திடீரென்று கரைந்துபோய்விட்டதா? மரபணுவும் மாறவில்லை, குணமும் மாறவில்லை. சுற்றி இருப்பதுதான் மாறியது.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: “நாலு வார்த்தை சுருக்குனு சொன்னாத்தானே ரோஷம் வந்து குறைப்பாங்க?” இதையும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 2944 பேரை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். எடையை வைத்துத் தங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று சொன்னவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ கூடியது. அப்படி நடக்கவில்லை என்றவர்களுக்கு 0.71 கிலோ குறைந்தது. அவமானம்தான் எடையை ஏற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது; அவமானம் எடையைக் குறைக்கிறது என்று சொல்லவே முடியாது. யோசித்தால் ஆச்சரியமும் இல்லை. பூங்காவில் ஓடினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறவர் எப்படி ஓடுவார்?

கண்ணால் பார்த்தே ஆரோக்கியத்தை அளந்துவிடலாம் என்ற நினைப்பும் சரியில்லை, அதுவும் நம்மைப் போன்றவர்களிடம். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே சேர்த்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள் சர்க்கரை நோய் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் யாரும் போய், ‘வாயைக் கட்டுங்க சார்’ என்று சொல்வதில்லை.

இப்போது நம் வில்லங்கத்துக்கு வருவோம். மேலே சொன்னதையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். எடை நூற்றுக்கு நூறு நம் கையில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மட்டம் தட்டலாமா? தட்டலாம் என்றுதான் மனசு சொல்கிறது. 1988-இல் பெர்னார்ட் வைனர் என்ற உளவியலாளர் காட்டிய மாதிரி, கஷ்டப்படுகிறவரைப் பார்த்ததும் ‘இது யார் தப்பு?’ என்று உள்ளுக்குள் கேட்கிறோம். அவர் தப்பு இல்லை என்றால் இரக்கம் வருகிறது, அவர் தப்பு என்றால் எரிச்சல். பருமனானவர்களின் சார்பாகப் பேசுபவர்களும் இதனால்தான் ‘பாவம், மரபணு’ என்றே வாதாடுகிறார்கள்.

ஆனால் பாகுபாடு கூடாது என்று சொல்லும் நம் அரசியலமைப்புச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. 15-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் வைத்து அரசு யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. பட்டியலில் முதலில் நிற்பது மதம். மதத்தை மாற்றிக்கொள்ள முடியும். பல லட்சம் பேர் மாறியிருக்கிறார்கள். அதனால் ‘மாறிக்கொள்ள வேண்டியதுதானே, மாறாதது உன் பொறுப்பு’ என்று யாராவது வேலை மறுத்தால் ஒப்புக்கொள்வோமா? அரசு வேலையைப் பற்றிய 16-ஆம் பிரிவில் வசிக்கும் இடமும் சேர்கிறது. அது வீடு மாற்றினாலே மாறிவிடும்.

ஆக, ‘இதை மாற்ற முடியுமா?’ என்பது இங்கே அளவுகோலே இல்லை. ‘இந்த வேலைக்கும் இந்தக் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா?’ என்பதுதான் கேட்க வேண்டியது. குதிரைப் பந்தய ஜாக்கியின் எடையைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கார்ஸ்டன் கால்டாஃப்ட்டிடம் கேட்டால்? பதினைந்து வருடம் அந்த வேலையில் இருந்தவர், எடை ஏறக்குறைய 160 கிலோ. 2010-இல் வேலை போனது. எடையால்தான் என்றார் அவர். குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்றது நகராட்சி. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் சொன்னது இது: எடையை வைத்துப் பாகுபடுத்தக் கூடாது என்று பொதுவான சட்டம் இல்லை, அந்த எடை ஒருவரின் வேலையை நீண்ட காலம் முடக்கினால் அதை உடல் குறைபாடாகக் கருதலாம். பாதுகாப்பு வேண்டுமானால் முதலில் ‘நான் முடியாதவன்’ என்று நிரூபிக்க வேண்டும். நன்றாக வேலை செய்கிறவருக்கு அதில் இடமில்லை.

எடையையே பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதிய இடங்கள் குறைவு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976-இலேயே எழுதியது. நியூயார்க் நகரம் 2023-இல். நம் 15-ஆம் பிரிவில் எடை இல்லை. 2009-இல் ஏர் இந்தியா சில விமானப் பணிப்பெண்களை எடை கூடிவிட்டது என்று வேலையிலிருந்து நீக்கியது நினைவிருக்கலாம்.

அப்படியானால் சாதியும் எடையும் ஒன்றா? இல்லை, அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பருமனானவர்களுக்கென்று ஊருக்கு வெளியே தெரு ஒதுக்கியதில்லை. அவர்கள் குடித்த டம்ளரைத் தனியே வைத்ததில்லை. தாத்தாவுக்கு மறுத்த நிலத்தின் பாரத்தைப் பேரன் சுமப்பதில்லை. ஆனால் எடைக்காகப் படும் அவமானத்திலுள்ள ஒரு தனிமை சாதி அவமானத்தில் இல்லை. சாதியால் அவமானப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்தால், அதே அடியை வாங்கிய அம்மா மடியில் போட்டுக்கொள்வாள். எடைக்காகக் கேலி செய்வது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கிறிஸ்டியன் கிராண்டல் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பருமனான மகள்களின் கல்லூரிச் செலவுக்குப் பெற்றோர் பணம் கொடுப்பது மற்ற மகள்களைவிடக் குறைவாக இருந்தது. மகன்களிடம் அந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை.

வெறுப்பு குறையும் வேகத்திலும் வித்தியாசம் தெரிகிறது. சார்ல்ஸ்வொர்த், பனாஜி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2007 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த 44 லட்சம் இணையச் சோதனைகளை அலசினார்கள். வாய்விட்டுச் சொல்லாத, தன்னையறியாத சாய்வை அளக்கும் சோதனைகள் அவை. தன்பாலின ஈர்ப்பாளர்கள் மேலான சாய்வு 33 சதவீதம் குறைந்திருந்தது. கறுப்பின மக்கள் மேலானது 17 சதவீதம். எடை மேலானது 5 சதவீதம் கூடியிருந்தது.

இப்போது பசியை அடக்கும் ஊசிகள் வந்துவிட்டன. செமாக்ளுடைட் போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக எடையில் 15 சதவீதம் குறைந்ததாக 2021-இல் முடிவு வந்தது. ஆரோக்கியத்துக்காகத்தான் திட்டினோம் என்பது உண்மையானால் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ‘ஊசி போட்டு இளைச்சதெல்லாம் ஒரு இளைப்பா, குறுக்கு வழி’ என்பதுதான் காதில் விழுகிறது.

கெட்ட எண்ணமே இல்லாமலும் எடையை வைத்துப் பாகுபாடு நடக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன், உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உதவும். பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டையில் அளவுகள் உண்டு. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால், மேல் அளவு ஏறக்குறைய 20 புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது என்று 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 120 உள்ளவர் 140 ஆகிவிடுவார். இல்லாத ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுதுவார்கள். கூடவே, ‘எடையைக் குறைங்க, பாருங்க பி.பி. எவ்வளவு ஏறிக் கிடக்கு’ என்றும் சொல்வார்கள். கை பருமனாக இருந்தால், அளக்கும் முன் பெரிய பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.