கொல்லைக் கதவு உண்டா?

பூட்டு வாங்குகிறீர்கள், சாவி உங்களிடம் இருக்கிறது. பூட்டைச் செய்தவர் தமக்கென்று ஒரு சாவியை இரகசியமாக வைத்துக்கொண்டிருந்தால்? கணிப்பொறி வட்டில் உள்ளவற்றைச் சங்கேத உருவில் மாற்றிக் காக்கும் மென்பொருள்களைப் பற்றியும் இந்த ஐயம் எழுவதுண்டு.

2004-இல் வெளிவந்த ட்ரூகிரிப்ட் அத்தகைய மென்பொருள். இலவசமானது, அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம். எழுதியவர்கள் யார் என்பது மட்டும் தெரியாது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. சங்கேத முறைகளை வலுவிழக்கச் செய்ய முயன்றதை, எட்வர்ட் ஸ்னோடன் தந்த ஆவணங்கள் 2013-இல் வெளிப்படுத்தின. உடனே ட்ரூகிரிப்டின் மீதும் சந்தேகம் விழுந்தது. (ஸ்னோடனே 2012-இல் ஹவாயில் பிறருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்!)

கொல்லைக் கதவு எங்கே ஒளிந்திருக்கக் கூடும்? வட்டைப் பூட்டும் சாவி 256 பிட் நீளமுள்ள ஓர் எண். இதற்கு 2²⁵⁶, அதாவது ஏறத்தாழ 10⁷⁷ வாய்ப்புகள். ஒவ்வொன்றாகச் சோதிப்பது நடவாத காரியம். ஆனால் அந்த எண் முழுக்க முழுக்கத் தற்செயலாக அமைய வேண்டும். அதற்காகவே ட்ரூகிரிப்ட், சுட்டெலியை மனம்போனபடி அசைக்கும்படி நம்மிடம் கேட்டது. எத்தன் ஒருவன் அந்தப் பகுதியில் கைவைத்து, 2⁴⁰ எண்களுள் ஒன்றே வரும்படி செய்துவிட்டான் என்று கொள்வோம். சாவி பார்வைக்கு 256 பிட்டாகவே இருக்கும், பூட்டும், திறக்கும். ஆனால், நொடிக்கு 100 கோடி சாவிகளைச் சோதிக்கும் பொறி 19 நிமிடத்திற்குள் அதைக் கண்டுபிடித்துவிடும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மூல நிரலைப் படித்தால் குட்டு வெளிப்படாதா? வெளிப்படலாம். ஆனால் கணிப்பொறியில் ஓடுவது மூல நிரல் அன்று. கம்பைலர் அதிலிருந்து ஆக்கித் தரும் இயந்திர மொழிக் கோப்பு. இரண்டும் ஒன்றுதான் என்று எப்படி நம்புவது? 2013-இல் கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஆசிரியர்கள் பயன்படுத்திய அதே பழைய கம்பைலர்களைத் தேடிப் பிடித்தார்; தாமே கோப்பை ஆக்கி, வெளியிடப்பட்ட கோப்போடு ஒப்பிட்டார். ஆக்கிய நேரம், கையொப்பம் போன்ற சில இடங்களைத் தவிர, பைட்டுக்குப் பைட் பொருந்தியது! அருமையான சோதனை இது.

அடுத்து நிபுணர்கள் நிரலைத் தணிக்கை செய்தார்கள். நடுவில், 2014 மே மாதம், ட்ரூகிரிப்ட் பாதுகாப்பானதன்று என்று எச்சரித்துவிட்டு ஆசிரியர்கள் வேலையையே நிறுத்திவிட்டார்கள். 2015 ஏப்ரலில் தணிக்கை முடிந்தது. வேண்டுமென்றே வைத்த கொல்லைக் கதவுக்குச் சான்று அகப்படவில்லை. ஆனால் தற்செயல் எண் பகுதியில் ஒரு குறை தெரிந்தது: அரிதாக விண்டோஸின் உதவி கிடைக்காமற் போனால், அதைச் சொல்லாமலே வேலை தொடர்ந்தது. சுட்டெலி அசைவு முதலியன கைகொடுப்பதால் பெரிய ஆபத்தில்லை. இதைச் சூழ்ச்சி என்பதைவிடக் கவனக்குறைவு என்பதே பொருத்தம்.

அதே ஆண்டு செப்டம்பரில், தணிக்கைக்குத் தப்பிய வேறு இரு பிழைகளைக் கூகிள் ஆய்வாளர் ஒருவர் கண்டார். ட்ரூகிரிப்டின் வாரிசான வெராகிரிப்டில் அவை உடனே திருத்தப்பட்டன.