கோட்டிலிருந்து ஆடைக்கு: கிறிஸ்டியன் டியோரின் கோடைக்கால ஆடை வரைவுகள்

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரெஞ்சு ஆடைக்கலை வரலாற்றில் தனியிடம் பெற்றவர் கிறிஸ்டியன் டியோர் (1905–1957). அவருடைய கோடைக்கால ஆடை வரைவொன்றை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். இத்தகைய வரைவுகள் இன்று அருங்காட்சியகங்களில் ஓவியங்களைப் போன்றே சட்டமிட்டு வைக்கப்படுகின்றன. ஆயின், அவை பணிமனைக்கென எழுந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னணி

நார்மண்டிப் பகுதியின் கிரான்வில் நகரில் பிறந்த டியோர், 1930களில் ஆடை வரைவுகளைப் பாரிஸ் ஆடையகங்களுக்கு விற்று வாழ்ந்தார். பின்னர் ராபர்ட் பிகே, லூசியன் லெலாங் ஆகியோரிடம் பணியாற்றினார். பருத்தி ஆலை அதிபர் மார்செல் புசாக்கின் முதலீட்டில் 1946இல் தமக்கெனப் பாரிஸில் ஓர் ஆடையகம் தொடங்கினார். அதன் முதல் தொகுப்பு 1947 பிப்ரவரி 12ஆம் நாள் காட்சிக்கு வந்தது. அதில் ஒரு வரிசையின் பெயர் 'கொரோல்'. மலரின் அல்லி வட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. ஒடுங்கிய இடைக்குக் கீழே பாவாடை இதழ்போல் விரிந்தது. அமெரிக்க இதழாசிரியர் கார்மெல் ஸ்னோ வழங்கிய 'நியூ லுக்' என்னும் பெயரே உலகெங்கும் நிலைபெற்றது.

வரைவும் பணிமனையும்

கோடைத் தொகுப்பு பிப்ரவரியில் காட்சிக்கு வருவதால், கோடை ஆடையைக் குளிர்காலத்திலேயே கற்பனை செய்ய வேண்டியிருந்தது. டியோர் நகரை விட்டு ஒதுங்கி நாட்டுப்புற இல்லத்தில் தங்கி, நூற்றுக்கணக்கான சிறு வரைவுகளை விரைந்து தீட்டுவார். முகத்திற்கு அவற்றில் முதன்மையில்லை. தோளின் சரிவு, இடையின் நிலை, பாவாடையின் அகலம் ஆகிய மூன்றையும் சில கோடுகளே உணர்த்திவிடும்.

தேர்ந்த வரைவுகளைத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் மார்கரீத் காரே பணிமனைத் தலைவியரிடம் பகிர்ந்தளிப்பார். அவர்கள் முதலில் மலிவான வெள்ளைத் துணியில் மாதிரி தைப்பர். வரைவு கூறாதவற்றை அவர்களே முடிவு செய்ய வேண்டும்: துணியை நேராக வெட்டுவதா குறுக்காக வெட்டுவதா, மடிப்பு எங்கே தொடங்குவது, பாவாடையின் விரிவை உள்ளிருந்து எது தாங்குவது என்பன அவை. மாதிரியைக் கண்டு டியோர் திருத்தங்கள் கூறிய பின்னரே உரிய துணி தெரிவு செய்யப்படும்.

துணியும் காலமும்

பாவாடையின் அகலத்தைக் காட்டும் கோடு ஒரு பொருளியல் செய்தியையும் தாங்கியுள்ளது. பிரிட்டனில் ஆடைப் பங்கீடு 1949 வரை நீடித்தது. அத்தகைய காலத்தில் பல மீட்டர் துணியை விழுங்கும் பாவாடை கண்டனத்திற்கு உள்ளானதில் வியப்பில்லை. மறுபுறம், போரால் நலிந்த நெசவாலைகளுக்கு அவ்வகலமே சந்தையாயிற்று. புசாக் ஆலை அதிபர் என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் தகும். பற்றாக்குறையில் வாடியவர்க்கு ஊதாரித்தனமாகத் தோன்றிய அதே கோடு, ஆலைத் தொழிலாளர்க்கு வேலையாகவும் அமைந்தது.

முடிவுரை

வரைவுத்தாளில் காணப்படும் பெயர் ஒருவருடையதே. ஆயின், அதை ஆடையாக்கிய தையற்பெண்டிரின் பெயர்களுள் பெரும்பாலானவை பொதுவரலாற்றில் இடம்பெறவில்லை. வரைவை மட்டும் காட்சிப்படுத்தும்போது அவர்தம் அறிவு மறைந்துவிடுகின்றது. எனவே, வரைவு, வெள்ளைத் துணி மாதிரி, முடிந்த ஆடை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஆராய்வதே பொருத்தமான முறை என்பது எம் கருத்தாகும்.