தேக்காவை யாரும் திட்டமிடவில்லை

1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுக்கச் சொன்ன ராஃபிள்ஸ், இந்தியர்களுக்கு ஒதுக்கிய இடம் சிங்கப்பூர் ஆற்றை ஒட்டியது. அதற்காகப் பொறியாளர் ஜாக்சன் வரைந்த படத்தில் அந்த இடத்தின் பெயர் சூலியா கம்பம். இன்று தமிழர்கள் தேக்கா என்று உரிமையோடு அழைக்கும் லிட்டில் இந்தியா அந்தப் படத்தில் இந்தியர் பகுதியாக இடம்பெறவே இல்லை.

அது தானாக வளர்ந்தது. சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகளும் செங்கல் சூளைகளும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோவிலைப் பழைய தலைமுறை ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில்’ என்றுதான் சொல்லும். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சுற்றிலும் கிடந்த புல்லும் மாடு வளர்க்கத் தோதாக இருந்ததால் மாட்டு வியாபாரம் வந்தது. மாடு வந்ததும் பால் வந்தது, எள் ஆட்டும் செக்கு வந்தது, கோதுமை அரைக்கும் கொட்டகை வந்தது. அவற்றுக்கு ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்காகச் சாப்பாட்டுக் கடையும் பூக்கடையும் நகைக்கடையும் வந்தன. பிறகு மாடுகள் போய்விட்டன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்ப்பலகைகள்தான் மிச்சம். ஆனால் மாட்டை நம்பி வந்த கூட்டம் கலையவில்லை.

நகரங்களைச் சிக்கலான அமைப்புகளாகப் பார்க்க வேண்டும் என்று 1961இல் நகரவியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதியது இதைத்தான். நகரத்தில் பல காரணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சரிசெய்ய முடியாது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டாலும் புரியாது. எது எதோடு கட்டுண்டிருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

1989ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன ஒதுக்கீடு வந்தது. எந்த இனமும் ஒரே பேட்டையில் குவியக்கூடாது என்பது நோக்கம். அதே ஆண்டு ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஒன்று வீடமைப்புக் கொள்கை, மற்றது பழைய கடைவீடுகளைக் காப்பதற்கான முடிவு. ஆனால் இரண்டும் சேர்ந்து தேக்காவை மாற்றின. ஈசூனிலும் உட்லண்ட்சிலும் ஜூரோங்கிலும் பரவி வாழும் குடும்பத்துக்கு மல்லிகைப்பூ, முருங்கைக்கீரை, தாலிக்கொடி, கோவில் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. தமிழர்கள் சிதறி வாழ்ந்ததே தேக்காவின் கடைகளை வாழவைத்தது என்பது என் முடிவு.

இதைவிட ஆழமான பிணைப்பு ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. துவாஸ், கிராஞ்சி, பொங்கோல் தங்குவிடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்கள் தேக்காவுக்கு வருவது காய்கறி வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் மட்டுமல்ல. வேறு கம்பெனியில், தீவின் வேறு மூலையில் இருக்கும் ஊர்க்காரரைப் பார்க்க அதுதான் இடம். எந்த முதலாளி சம்பளத்தை ஒழுங்காகத் தருகிறார், ஏஜெண்டுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தியெல்லாம் புல்தரையில் உட்கார்ந்து பேசித்தான் பரவுகிறது.

2013 டிசம்பர் 8 இரவு தேக்காவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதித் தமிழக ஊழியர் ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. பிறகு ஊழியர்களைத் தேக்காவுக்கு ஏற்றிவந்த ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துகள் குறைக்கப்பட்டன. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தங்குவிடுதிகளுக்கு அருகே பொழுதுபோக்கு நிலையங்கள் பெருகின. அங்கே கடை உண்டு, பணம் அனுப்பும் வசதி உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் தீவின் மறுகோடியில் இருக்கும் தம்பியோ மச்சானோ அங்கே இருக்க மாட்டார். தேக்காவின் கூட்டத்தை நெரிசலாக மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பிணைப்பு பிடிபடவில்லை.

2020இல் கொவிட்-19 வந்தபோது இந்தப் பிணைப்புகள் வேறு விதமாக வெளிப்பட்டன. தேக்காவின் முஸ்தஃபா சென்டரிலிருந்து ஒரு கட்டுமானத் தளம், அங்கிருந்து பல தங்குவிடுதிகள் என்று தொற்றுச் சங்கிலியைச் சுகாதார அமைச்சு கண்டறிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தங்குவிடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. குற்றம் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பின் மேல் இல்லை. ஓர் அறையில் பன்னிரண்டு முதல் பதினாறு பேர், சில இடங்களில் அதற்கும் மேல் என்று அடைத்து வைத்ததுதான் பரவலைப் பெருக்கியது. புதிய விடுதிகளில் அறைக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பேர் என்ற விதி 2021இல்தான் வந்தது.

ஊழியர்கள் பூட்டிய கதவுக்குள் இருந்த மாதங்களில் தேக்காவின் ஞாயிறு வியாபாரம் படுத்துவிட்டது. அவர்கள் மூட்டைமூட்டையாக வாங்கிய அரிசி, வெங்காயம், கைபேசி அட்டைகளை நம்பி இருந்தவர்கள் சிறு கடைக்காரர்கள். 2022 ஜூனில் மற்ற பெரும்பாலான இடங்களுக்குத் தடை நீங்கிய பிறகும் ஞாயிறு, பொது விடுமுறைகளில் தேக்காவுக்குப் போக ஊழியர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

தங்குவிடுதியை எங்கே கட்டுவது, பேருந்தை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் போக்குவரத்து வல்லுநரும் கட்டடக் கலைஞரும் இருக்கிறார்கள். அங்கே ஊழியர்களுக்கும் பஃபலோ சாலைக் காய்கறிக் கடைக்காரருக்கும் நாற்காலி போடுங்கள். யாருக்கு யார் வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.